தென்பெண்ணையாற்றின் வரவு செலவு

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை மலையும், மலையடியில் எழுந்த பெருங்கோயிலும், கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபமுமே ஆகும். 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர், அதனை எழுப்பிய சிற்பிகளின் கணக்குத் திறனை வியவாமல் இருத்தல் அரிது. ஆயினும், இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது கல்லின் கணக்கன்று, நீரின் கணக்கு. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்கும் மாணவன் முதலில் எதனைக் கற்றல் வேண்டும் என்னும் வினாவிற்கு, அந்நீரின் கணக்கே நல்ல விடை தரும் என்பது என் கருத்து.

திருவண்ணாமலை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் சாத்தனூர் அணையைக் காணலாம். கருநாடக நாட்டு மலைப்பகுதியில் பிறந்து, கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கும் தென்பெண்ணையாற்றின் குறுக்கே இவ்வணை அமைந்துள்ளது. 1958ஆம் ஆண்டில் இது பயனுக்கு வந்தது. இதன் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வயல்களுக்குப் பாசன நீரும், திருவண்ணாமலை நகருக்குக் குடிநீரும் இதிலிருந்து கிடைக்கின்றன.

இவ்வணை எழுந்த காலத்தில் நம் நாட்டுப் பொறியாளர்கள் எவ்வாறு கணக்கிட்டார்கள்? அக்காலத்துப் பொறியாளரின் மேசைமீது இருந்தவை மடக்கை அட்டவணையும், சறுக்கிச் சறுக்கி விடை காணும் ஸ்லைடு ரூல் என்னும் அளவுகோலும், கட்டம் போட்ட தாளும், நன்றாகச் சீவிய பென்சிலுமே. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்ப் பெருங்கல்லூரியாக வளர்ந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இக்கருவிகளைக் கொண்டே பயின்றார்கள். மின்னாற்றலால் இயங்கும் கணிப்பொறி அன்று தமிழ்நாட்டுப் பொறியாளரின் கைக்கு எட்டாத பொருள்.

அணையின் கணக்கு பார்வைக்கு மிக எளியது. நம் வீட்டு வரவு செலவுக் குறிப்பேட்டில் என்ன எழுதுகிறோம்? நேற்றைய இருப்பு, இன்றைய வரவு, இன்றைய செலவு, முடிவில் நிற்கும் இருப்பு. அணைக்கும் அதுவே நியதி. ஆற்றிலிருந்து வருவது வரவு. மதகுகள் வழியே போவது செலவு. நீர்த்தேக்கத்தில் நிற்பது இருப்பு. பழைய இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் புதிய இருப்பு கிடைக்கும். ஒரு சிறு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு மணி நேரம் நீர் பாய்ந்தால், வந்து சேரும் நீர் 36 இலட்சம் கன அடி, அதாவது 3.6 மில்லியன் கன அடி. ஏனெனில் ஒரு மணிக்கு 3,600 நொடிகள்.

இவ்வளவு எளிதாயின் கணிப்பொறி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இடர் எங்கே உளதெனில், வரவு மணிக்கு மணி மாறுகிறது. செலவோ, அணையில் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது; நீர் உயர உயர, திறந்த மதகின் வழியே அது பாயும் வேகமும் மிகும். ஆகவே, செலவு தெரிய இருப்பு தெரிய வேண்டும். இருப்பு தெரியச் செலவு தெரிய வேண்டும். இம்முடிச்சை அவிழ்க்கப் பொறியாளர் ஒரு விடையை உத்தேசமாக வைத்துக்கொண்டு, கணக்கிட்டு, அது பொருந்தாவிடில் திருத்தி, மீண்டும் கணக்கிடுவர். ஒரு மணி நேரத்திற்கே மூன்று நான்கு முறை இவ்வாறு செய்ய நேரிடும். மூன்று நாள் நீடிக்கும் வெள்ளமாயின் 72 மணிகள். மதகுகளை வேறுவிதமாகத் திறந்தால் என்னாகும் என்று அறிய விரும்பினால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். அறிவுக்குக் கடினமன்று; பொறுமைக்கே கடினம். வெள்ளமோ நம் பொறுமைக்காகக் காத்து நிற்பதில்லை.

இத்தகைய நீண்ட கணக்கைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, இன்னதன் பின் இன்னது என்று வரிசைப்படுத்துவதைத்தான் இன்று நிரல் எழுதுதல் என்கிறோம். அவ்வாறு படிகளை வகுத்துக் கணக்கிடும் பழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. இதற்குத் தக்க சான்றொன்று, தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் கிடைக்கிறது. ஜான் வாரன் என்னும் அறிஞர் 1825ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்ற நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறித்துள்ளார். அவர் ஏட்டில் எதுவும் எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளை மாற்றி மாற்றி வைத்து, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவ்விடை உண்மையிலிருந்து ஒரு மணி நேரத்திற்குமேல் பிறழவில்லை. ஆட்டோ நியூகெபவர் என்னும் கணித வரலாற்றறிஞர் 1952இல் இச்செய்தியை ஆராய்ந்து கட்டுரை எழுதிய பின்னர், உலக அறிஞர்கள் பலரும் இதனைக் கருத்திற் கொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்கணிதருக்குப் படிகள் அத்தனையும் தெரியும்; ஆனால், அப்படிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்னும் வானியற் கொள்கை தெரியாது என்று வாரன் எழுதுகிறார். இஃது அவரைக் குறை கூறுவதன்று. முன்னோர் ஒருவர் கொள்கையை அறிந்து படிகளை வகுத்தார். பின்வந்தவர் அப்படிகளைப் பிழையின்றி நடத்தினார். வகுத்தவர் வேறு, நடத்தியவர் வேறு. இந்தப் பிரிவினைதான் கணிப்பொறியின் உட்பொருள். இன்று சோழிகளை நகர்த்தும் வேலையைப் பொறி செய்கிறது. படிகளை வகுக்கும் வேலை மனிதனுக்கு உரியதாயிற்று.

மேல்நாட்டிலும் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர்கள் இருந்தனர். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பொறிக்காக, பெர்னூலி எண்களைக் காணும் படிகளை 1843ஆம் ஆண்டில் ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார் அட்டவணையாக வகுத்து வெளியிட்டார். அப்பொறி கட்டி முடிக்கப்படவேயில்லை. படிகள் மட்டும் நிலைத்தன. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின் கணிப்பொறிகள் தோன்றியபோது, அவற்றிற்குக் கட்டளையிடுதல் பெருந்தொல்லையாக இருந்தது. பொறிக்கு விளங்கும் எண்குறிகளாலேயே எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸ் என்பவரும் அவர் குழுவினரும் 1957இல் ஃபோர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டு இத்தொல்லையைக் குறைத்தனர். ‘வாய்பாட்டைப் பெயர்த்தல்’ என்பதே அப்பெயரின் பொருள். பொறியாளர் தாம் தாளில் எழுதும் சமன்பாட்டைப் போலவே எழுதலாம். அதனைப் பொறியின் குறிகளாக மாற்றும் பணியைப் பொறியே பார்த்துக்கொள்ளும். நிரல் எழுதுதல் சிலருக்கே உரிய மறைபொருளாக இருந்த நிலை மாறி, பொறியியல் மாணவர் அனைவரும் கற்கத்தக்க கலையாயிற்று.

இந்திய மாணவர்களுக்கு அக்கலையைக் கொண்டுவந்து சேர்த்த முன்னோடிகளுள் ஒருவர் நம் ஈரோட்டில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அவர் பேராசிரியர் வி. இராசாராமன். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பயின்றபோது, மின்னோட்டத்தைக் கொண்டே சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணிப்பொறியோடு பழகினார். அமெரிக்க நாட்டில் உயர்கல்வி கற்று, பின்னர்த் தாயகம் திரும்பிக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். அக்கழகத்திற்கு 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அது வந்ததைவிட, அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே சிறப்பு. பொறியைக் கண்ணாடி அறைக்குள் பூட்டி வைக்காமல், மாணவர்களே தங்கள் அட்டைகளைத் துளையிட்டுத் தாங்களே இயக்கிப் பார்க்குமாறு திறந்துவிட்டனர். பொறியியல் மாணவர் எல்லாருக்கும் நிரல் எழுதுதல் பாடமாக்கப்பட்டது. வேறு ஊர்களிலிருந்து வந்த பொறியாளருக்கும் அறிவியலாளருக்கும் பத்து நாள் தீவிரப் பயிற்சிகள் நடத்தப்பெற்றன. இராசாராமன் 1969இல் எழுதி வெளியிட்ட நிரல் பாடநூல், பொறி இல்லாத ஊர்களிலிருந்த மாணவர்களின் கைக்கும் இக்கலையைக் கொண்டு சென்றது. பின்னர் 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வகையைச் சேர்ந்த பெரும் பொறியொன்று நிறுவப்பெற்றது.

அந்த 1620 பொறியைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்றுண்டு. அதன் முதல் வடிவத்திற்குக் கூட்டல் தெரியாது! நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தது போல, அதன் நினைவகத்தில் கூட்டல் வாய்பாடும் பெருக்கல் வாய்பாடும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால், அவ்வாய்பாட்டைப் பார்த்தே அது விடை சொல்லும். வாய்பாட்டில் பிழை புகுந்துவிட்டால் அச்சமின்றிப் பிழையான விடையையே தரும். பொறியின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை.

அக்கால மாணவரின் நிலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். கட்டளை ஒவ்வொன்றும் ஓர் அட்டை. அட்டைக்கு 80 நெடுவரிசைகள். ஓரிடத்தில் காற்புள்ளி தவறினால் நிரல் முழுதும் நின்றுவிடும். பொறிக்காகக் காத்திருக்கும் கூட்டமோ பெரிது. ஆகவே, அட்டையைத் துளையிடுமுன் தாளில் எழுதி, கையால் இரண்டு மூன்று படிகளைக் கணக்கிட்டுச் சரிபார்த்த பின்னரே மாணவர் பொறியை அணுகுவர். காத்திருத்தல் துன்பந்தான், ஆயினும், அது சிந்திக்கக் கற்பித்தது. இன்று நம் கைப்பேசியே அன்றைய பொறியினும் பன்மடங்கு வலியது. விடை இமைப்பொழுதில் வந்து நிற்கிறது. காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது நன்றே. கையால் சரிபார்க்கும் வழக்கமும் அதனோடு ஒழிந்துவிடலாகாது.

இனி, சாத்தனூர் அணைக்கு நாமே ஒரு நிரல் வகுத்துப் பார்ப்போம். எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை. அணையில் இப்போது இருப்பு 6,500 மில்லியன் கன அடி. வரவு நொடிக்கு 50,000 கன அடி. செலவு நொடிக்கு 20,000 கன அடி. படிகள் இவை: முதலாவது, தொடக்க இருப்பைக் குறித்துக்கொள். இரண்டாவது, அம்மணிக்குரிய வரவையும் செலவையும் வாங்கிக்கொள். மூன்றாவது, வரவிலிருந்து செலவைக் கழித்து, 3,600ஆல் பெருக்கிப் பத்து இலட்சத்தால் வகு. நான்காவது, அதனை இருப்போடு கூட்டிப் புதிய இருப்பை எழுது. ஐந்தாவது, அடுத்த மணிக்காக இரண்டாம் படிக்குத் திரும்பு. இத்திரும்புதலில்தான் பொறியின் வலிமை அடங்கியுள்ளது. ஒருமுறை செய்யத் தெரிந்ததை ஆயிரம் முறை சலிப்பின்றிச் செய்யும்.

கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 108 மில்லியன் கன அடி கூடுகிறது. ஏழாம் மணியின் முடிவில் இருப்பு 7,256. எட்டாம் மணியின் முடிவில் 7,364. இங்கே நிற்க வேண்டும்! அணையின் கொள்ளளவு 7,321 அன்றோ? 7,364 எவ்வாறு அதில் அடங்கும்? பொறியோ இதனைக் கண்டு திகைப்பதில்லை. ஒன்பதாம் மணிக்கு 7,472, பத்தாம் மணிக்கு 7,580 என்று தடையின்றி எழுதிக்கொண்டே போகும். அணை நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று நாம் சொல்லவில்லை; ஆகவே அதற்குத் தெரியாது. இருப்பு கொள்ளளவை நெருங்கினால் செலவை உயர்த்து, எச்சரிக்கை எழுது என்னும் நிபந்தனைக் கட்டளை ஒன்றை நான்காம் படிக்குப் பின் நாம் சேர்த்தாக வேண்டும். இதனைச் சேர்க்கத் தெரிந்தவன், அணை என்பது நிறையும் பொருள் என்பதை அறிந்தவன். மொழியின் இலக்கணம் மட்டும் அறிந்தவனுக்கு இது தோன்றாது.

அளவுகளின் பிழையும் அவ்வாறே. மேலே பத்து இலட்சத்தால் வகுக்க மறந்தால் விடை எங்கோ போய்விடும். இது மாணவர்களிடம் மட்டும் நிகழும் பிழை என்று எண்ணற்க. 1999ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளைச் சுற்றிவர அமெரிக்கா அனுப்பிய விண்கலம் அழிந்துபோயிற்று. ஒரு பகுதி நிரல் ஆங்கிலேய அளவில் விடை தந்தது. அதனைப் பெற்ற மற்றொரு பகுதி மெட்ரிக் அளவென்று கொண்டது. எண்கள் சரி, எண்ணின் பொருள்தான் பிழை.

இவையெல்லாம் வகுப்பறைப் பயிற்சி மட்டுமன்று என்பதை 2024ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பெருமழையால் டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு, ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையும் விழுந்து எழுவர் உயிர் நீத்தனர். அன்று நள்ளிரவுக்குப் பின், டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின.

நம் நிரலிடம் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். நொடிக்கு 1,68,000 கன அடி என்பது மணிக்கு ஏறத்தாழ 605 மில்லியன் கன அடி. ஒரு சொட்டு நீரும் இல்லாத வெறும் அணையாக இருப்பினும், அவ்வளவு நீர் வந்தால் 12 மணி நேரத்திற்குச் சற்று மேலான காலத்தில் அது நிறைந்துவிடும். ஏற்கெனவே பெரும்பகுதி நிறைந்திருந்தால், கையில் இருப்பது மிகச் சில மணி நேரமே. அந்தச் சில மணி நேரத்தில்தான் மதகுகளைத் திறப்பதும், கீழேயுள்ள ஊர்களுக்குச் சொல்வதும், உறங்கும் குழந்தைகளை எழுப்பி மேட்டுக்குக் கொண்டு செல்வதும் நடந்தாக வேண்டும். கணக்கு ஒரு மணி நேரம் முந்தி முடிந்தால், ஒரு மணி நேரம் முந்தி அவர்கள் நடக்கத் தொடங்கலாம். நிரல் எழுதக் கற்பதன் பயன் இதுவே என்று நான் துணிந்து கூறுவேன்.

ஆயினும், அந்நிரல் சொல்லாதவை பல. மேலே எத்துணை மழை பெய்யும் என்பதை அது வேறிடத்திலிருந்து பெற வேண்டும். விடப்பட்ட நீர் எத்தனை மணியில் எந்த ஊரை அடையும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். எந்தத் தெருவில் முதியோர் தனியே இருக்கின்றனர் என்பதை எந்தச் சமன்பாடும் அறியாது. விடையை வாங்கிக்கொண்டு முடிவு செய்பவர் மனிதரே. அம்முடிவுக்குப் பொறுப்பேற்பவரும் மனிதரே.

இன்று வேறொரு புதுமையும் தோன்றியுள்ளது. இன்ன நிரல் வேண்டும் என்று நம் மொழியிற் சொன்னாலே, கணிப்பொறி தானே அதனை எழுதித் தருகிறது. இனி நாம் கற்க வேண்டுவது யாது என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. புதுச்சேரிக் கணிதரை நினைவில் கொள்ளுங்கள் என்பதே அவர்களுக்கு என் விடை. படிகளை நடத்துவது மட்டுமே நம் திறமையாக இருந்தால், அதனைப் பொறி நம்மினும் நன்றாகச் செய்யும். எது வரவு, எது செலவு, எங்கே நிறையும், நிறைந்தால் எவர் நனைவார் என்று கேட்பது நம்முடைய கடமை. எழுதித் தரப்பட்ட நிரலில் அந்த நிபந்தனைக் கட்டளை இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவன், 7,580 என்ற விடையையும் நம்பிவிடுவான்.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு சிறு பணியை உங்களுக்கு விட்டு விடைபெறுகிறேன். உங்கள் ஊரில் ஓர் ஏரி இருக்கும். அதன் பரப்பு என்ன, ஆழம் என்ன, எந்தக் கால்வாய் வழியே நீர் வருகிறது, எந்த மதகு வழியே போகிறது, கலங்கல் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கேட்டறியுங்கள். ஊரிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்து மணி நேரக் கணக்கைத் தாளில் கையால் போடுங்கள். பிறகு எந்த மொழியிலேனும் நிரல் எழுதி, இரண்டு விடையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிடில் பிழை எங்கே என்று தேடுங்கள். அத்தேடலின்போது நீங்கள் நிரலையும் கற்பீர்கள், ஏரியையும் கற்பீர்கள்.